ஸ்டீல் கிட்டாருக்கு டிலே பெடல் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: 14,500 ரூபாய் போச்சு

ஸ்டீல் கிட்டாருக்கு டிலே (வாசித்த ஒலியைச் சற்றுப் பின்னால் எதிரொலியாகத் திருப்பித் தருகிற, காலால் அழுத்தும் பெட்டி), ரிவெர்ப் (பெரிய மண்டபத்தில் வாசித்த மாதிரி ஒலியை நீடிக்க வைப்பது) எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதுகிறேன் என இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று காலை எனக்கு டிலே பெடல் விற்ற கடைக்காரர் போனில் பேசிய பேச்சுக்கு அப்புறம் உடம்பெல்லாம் பதறுகிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். 14,500 ரூபாய். நாலு கல்யாணக் கச்சேரி, ஒரு காதுகுத்து, அதில் மிச்சம் பிடித்த பணம்.

புதுச்சேரியில் இருக்கிற ஓர் இசைக்கருவிக் கடை. புதுசும் விற்பார்கள், பழசும் விற்பார்கள். பெயரை இங்கே போடவில்லை, புகாரில் எழுதிக்கொள்கிறேன்.

நான் கடலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலும். நம் கருவியில் கட்டையில் விரல் அழுத்துகிற வேலை இல்லை. கம்பிமேல் இரும்புப் பாரை வழுக்கிக்கொண்டு போகிறோம். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகிற வழி முழுவதும் காதில் விழும். அதனால்தான் ரிவெர்ப் கூடினால் நமக்கு ஆபத்து. விட்டுவந்த ஸ்வரம் பின்னாலேயே தொங்கிக்கொண்டு வந்து புது ஸ்வரத்தோடு மோதும், வாசிக்கிறவருக்குச் சுருதி சேரவில்லை என்று கேட்கிறவர் நினைப்பார். டிலே அப்படி இல்லை. 350 மில்லி செகண்ட் வாக்கில், ஒன்றிரண்டு தடவை மட்டும் திரும்பி, அடியில் மெல்லிசாகக் கேட்டால் ஒற்றைக் கம்பி ஒலிக்குச் சதை பிடிக்கும். அதிலும் அனலாக் டிலே என்றால் திரும்பி வருகிற ஒலியின் கூர்மை மழுங்கியிருக்கும், அசல் ஒலியை மறைக்காது. உள்ளே இருப்பது பக்கெட் பிரிகேட் சிப். தீயை அணைக்க வரிசையில் நின்று வாளியைக் கைமாற்றுகிற மாதிரி, ஒலியைப் படிப்படியாகத் தள்ளிவிடும். பழைய எம்.என். 3005 சிப்பில் அந்தப் படிகள் 4,096. அந்த வகைதான் வேண்டும் என்று போனிலேயே தெளிவாகக் கேட்டேன். "இருக்குண்ணா, கிட்டாரோட வாங்க" என்றார்.

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். மூலையில் இருந்த பெரிய ஆம்பில் (கிட்டார் ஒலியைப் பெருக்குகிற பெட்டி) பெடலை மாட்டி, "வாசிங்கண்ணா" என்றார். பாரை வைத்து மேல் ஸ்தாயிக்கு ஒரு இழுப்பு இழுத்தேன். கடை முழுக்க நிறைந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எங்க அப்பா ரேடியோவுல ஸ்டீல் கிட்டார் வந்தா வேலைய நிறுத்திட்டுக் கேப்பாருண்ணா. எவ்ளோ வருஷம் ஆச்சு இந்த சத்தத்தக் கேட்டு." அந்த வார்த்தையில் விழுந்துவிட்டேன். இந்தக் கருவியை மதிக்கிற ஆள் நம்மை ஏமாற்றுவாரா என்று தோன்றியது. ரிவெர்பும் இந்தப் பெடலிலேயே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டாம் என்றார். ஆம்பின் முகப்பில் ரிவெர்ப் குமிழ் ஏழில் நின்றது. அதைப் பார்த்தேன். பார்த்தும் பூஜ்யத்துக்குத் திருப்பச் சொல்லவில்லை.

பில் கேட்டேன். "பில் போட்டா வரி சேரும், உங்களுக்கு எதுக்குண்ணா, நம்ம கடை" என்றார். யூபிஐயில் 14,500 அனுப்பினேன். திரையில் வந்தது கடைப் பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர். அதையும் பார்த்தேன். நான் வாசித்துப் பார்த்த பெடலைத் தரவில்லை, "இது டெமோ, உங்களுக்குப் பிரிக்காதது" என்று உள்ளேயிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்து கொடுத்தார்.

மஞ்சக்குப்பத்தில் வீட்டுக்கு வந்து என் ஆம்பில் மாட்டினேன். அதில் ரிவெர்ப் கிடையாது. டிலே நேரத்தைக் கூட்டக் கூட்ட உஸ்ஸென்று இரைச்சல். நீளமாக இழுத்து நிறுத்துகிற ஸ்வரம் மணலில் தேய்த்த மாதிரி திரும்பி வருகிறது. ரிவெர்ப் என்று எழுதியிருந்த குமிழைத் திருப்பினால் டக்டக்டக் என்று கிட்டக்கிட்ட எக்கோ, அவ்வளவுதான். கடையில் நிறைந்து கேட்டது அந்த ஆம்பின் ரிவெர்ப்.

திருப்பாதிரிப்புலியூரில் ஆம்ப் ரிப்பேர் பார்க்கிற பெரியவரிடம் கொண்டுபோனேன். நாலு திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தார். பச்சைப் பலகை நடுவில் பதினாறு கால் சிப் ஒன்று. பூதக்கண்ணாடி வைத்து எண்ணைப் படிக்கச் சொன்னார்: பி.டி. 2399. "தம்பி, இது கரோக்கே மைக்குக்குப் போடற எக்கோ சிப்பு. டிஜிட்டல். நீ சொல்ற வாளியெல்லாம் இதுல இல்ல" என்றார். நான் அந்த சிப்பைக் குறை சொல்லவில்லை. குறைந்த நேர டிலேவுக்கு நன்றாகவே வேலை செய்யும், விலை குறைந்த நல்ல பெடல்கள் பலவற்றில் அதுதான் இருக்கிறது. அதை அனலாக் என்று சொல்லி 14,500 ரூபாய்க்கு என் தலையில் கட்டியதுதான் மோசடி.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் நாள், "அடாப்டர் மாத்திப் பாருங்கண்ணா." மாற்றினேன், அதே இரைச்சல். மூன்றாம் நாள், "முதலாளி மெட்ராஸ் போயிருக்காரு." அப்படியானால் என்னிடம் நம்ம கடை என்று சொன்னது யார்? சிப்பின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் பாதி ஷட்டர் இறக்கியிருந்தது, பையன் மட்டும் நின்றான், "அண்ணன் சாப்பிடப் போயிருக்காரு." இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றேன். திரும்பி வரும்போது பஸ் கன்னியக்கோவில் தாண்டியதும் அவரே கூப்பிட்டு, "அடடா, சொல்லிட்டு வந்திருக்கலாமே" என்றார். இன்று காலை கடைசியாகச் சொன்னது: "நீங்க திருகாணியக் கழட்டிட்டீங்க சார், இனி ஒண்ணும் பண்ண முடியாது. பில் இருக்கா உங்ககிட்ட?" அண்ணா போய் சார் ஆகிவிட்டது. பில் வேண்டாம் என்று சொன்ன அதே வாய்.

14,500 ரூபாய் சார். அந்தப் பணத்தில் என் பழைய கிட்டாருக்குப் புது பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற பாகம்) ஒரு நல்ல வால்யூம் பெடலும் வாங்கியிருப்பேன்.

டிலே, ரிவெர்ப் பற்றி விரிவாக எழுதும் மனநிலை இப்போது இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். கடை ஆம்பில் ரிவெர்பைப் பூஜ்யத்தில் வைக்கச் சொல்லிவிட்டு வாசித்துப் பாருங்கள். டிலே நேரத்தை முழுதாகக் கூட்டி, நீளமான ஒரு ஸ்வரத்தை இழுத்து நிறுத்தி இரைச்சலைக் கேளுங்கள். வாசித்துப் பார்த்த பெடலையே வாங்குங்கள். வால்யூம் பெடல் முன்னால், டிலே அடுத்து, ரிவெர்ப் கடைசி, இந்த வரிசையிலேயே சோதியுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிவிட்டேன். கடை புதுச்சேரியில் இருந்தாலும் நான் குடியிருக்கிற கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. யூபிஐ ரசீது, சிப்பின் படம், நீல டிக் விழுந்த செய்தி எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை போகிறேன். இதே மாதிரி பெட்டி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் மூடியைத் திறப்பதற்கு முன்னால் கடைக்காரருக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, அப்புறம் எனக்குச் சொல்லுங்கள்.