4,20,000 ரூபாய்க்கு இரண்டு குழாய்

நேற்று ராத்திரி பொள்ளாச்சியில் ஒரு மெக்கானிக் என் காரை லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துக் காட்டினார். கியர்பாக்ஸ் போல்ட்டுகளின் மேல் பழைய தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்படியே அப்பிக் கிடந்தன. "இதை எவனும் தொடவே இல்லீங்க" என்றார். அதைக் கழற்றி மாட்டிய கூலியும் சேர்த்துத்தான் நான் 4,20,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். தொகையிலேயே 420 இருக்கிறது, அன்றைக்கு உறைக்கவில்லை.

வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய நிசான் 370 இசட். 3.7 லிட்டர் வி6, டர்போ கிடையாது. காற்று போக இரண்டு தனிப் பாதை, இரண்டு ஃபில்டர். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் திரும்பி வெளியே வரும்போது இன்னும் வெடுக்கென்று இழுக்க வேண்டும் என்று ஆசை. அதற்காக ஏர் இன்டேக் (காற்று போகிற குழாய்) இரண்டும் மாற்றி, எடை குறைந்த ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரம், கியர்பாக்ஸைக் கழற்றினால்தான் மாற்ற முடியும்) போட்டு, டிஃபரன்ஷியலில் (பின் சக்கரங்களைச் சுற்ற வைக்கும் பல்சக்கரப் பெட்டி) 3.69 விகிதத்தை எடுத்துவிட்டு 3.9 போடுவதாகப் பேச்சு.

கடை கோவையில். வண்டிகளை டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் மெஷின்) ஏற்றி உறும விட்டு வீடியோ போடுகிற ட்யூனிங் கடை. கடைக்காரரே டீ வாங்கிக் கொடுத்தார். "எந்த ஊருங்கண்ணா?" என்றார். காங்கேயம் பக்கம் என்றேன். "அட, எங்க அம்மிச்சி ஊரு அங்கதானுங்க!" அந்த அம்மிச்சியில் பாதி விழுந்தேன். மீதியை அவர் வேறு விதமாக வாங்கினார். எக்ஸாஸ்டையும் மாற்றலாமா என்று நானே கேட்டதற்கு, "அது வெட்டிச் செலவுங்கண்ணா, உங்க காசை நான் வீணாக்க மாட்டேன்" என்றார். வருகிற வியாபாரத்தை வேண்டாம் என்கிறவரை எப்படிச் சந்தேகப்படுவது? கொட்டேஷன்கூட எழுதி வாங்கவில்லை. "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி மிச்சமுங்க" என்றார், தலையாட்டினேன். அது என் பேராசை, மறைக்கவில்லை. மூன்று தவணையில் ஜிபே, மொத்தம் 4,20,000.

ஏழு வாரம் இழுத்தது. பார்ட்ஸ் சென்னை கஸ்டம்ஸில் நிற்கிறது, ஊரில் நோம்பி, பசங்க வரவில்லை. கடைசியில் வண்டி வந்தபோது சத்தம் அபாரமாக இருந்தது. கூடவே, 40 குதிரைத்திறன் கூடியதாக ஒரு டைனோ தாள். டர்போ இல்லாத இன்ஜினில் இரண்டு குழாய் மாற்றி 40 கூடுமா என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும். சத்தத்தில் மயங்கிவிட்டேன்.

இரண்டாம் நாளே செக் இன்ஜின் லைட். ஸ்கேனரில் பி0171, பி0174: இரண்டு பக்கமும் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். குழாய் எங்கோ லேத்தில் செய்தது. காற்றை அளக்கும் சென்சார் உட்காரும் இடத்தில் விட்டம் மாறினால் கணக்கே தப்பிவிடும். ஃபில்டருக்குத் தடுப்பும் இல்லை, பானெட்டுக்குள் இருக்கிற சூட்டுக் காற்றைத்தான் குடிக்கிறது.

அப்புறம்தான் மீட்டரைக் கவனித்தேன். ஆறாவது கியரில் 100-ல் போனால் முன்பு 2,300 ஆர்பிஎம். 3.9 போட்டிருந்தால் அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்றி 2,400-ஐத் தாண்ட வேண்டும். அதே 2,300. எடை குறைந்த ஃப்ளைவீல் என்றால் நியூட்ரலில் கடகடவென்று ஒரு சத்தம் வருமே, அதுவும் இல்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "சத்தம் வராத மாதிரி பேலன்ஸ் பண்ணிட்டமுங்க" என்றார். அதையும் இரண்டு நாள் நம்பினேன், என்னை என்ன சொல்ல.

அதுவரை நான் "அண்ணா". அடுத்த போனில் "சார்" ஆனேன். அதற்கடுத்து மணி மட்டும் அடித்தது. நேரில் போய் நின்றால், "கேஸ் போடுங்க சார். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தெரியுமில்ல? மாத்தின வண்டின்னு முதல்ல உங்களைத்தான் பிடிப்பாங்க" என்கிறார். இரண்டு குழாய் தவிர எதையும் மாற்றாத வண்டிக்கு!

திங்கட்கிழமை ஜிபே ஸ்கிரீன்ஷாட்டுகளோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 4,20,000 வருமோ வராதோ.

இப்படி ஒரு கடையில் வண்டியை விடுமுன் பார்க்க வேண்டியதைப் பத்து குறிப்பாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஒன்றும் ஓடவில்லை. பில் வாங்குங்கள். டைனோ போடும்போது பக்கத்தில் நில்லுங்கள், வேலைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. கழற்றிய பழைய பொருளை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கடைசியாகச் சொன்னதை நான் செய்யவில்லை. என் பழைய ஃபில்டர் பெட்டிகள் இரண்டையும் "ஸ்கிராப்ல போட்டாச்சு" என்கிறார்கள். 370 இசட்டின் ஒரிஜினல் பெட்டி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன், பொருளைக் கண்ணால் பார்த்த பிறகு.