ஏர் ஹோஸ்ல சொருகுற "மைலேஜ் ஃபேன்": 3,490 ரூபாய் போச்சு, நீங்க வாங்கிடாதீங்க

3,490 ரூபாய். ஒரு தகரத் துண்டுக்கு. காரோட ஏர் ஃபில்டருக்கும் எஞ்சினுக்குப் போற காத்தைக் கட்டுப்படுத்துற த்ராட்டில் பாடிக்கும் நடுவுல ஒரு ரப்பர் ஹோஸ் போகும்ல, அதுக்குள்ள சொருகுற சுத்தாத ஃபேன் மாதிரி ஒரு சாமான். "டர்போ ஸ்விர்ல்", "ஏர் வோர்டெக்ஸ்", "ஃபியூல் சேவர்"னு ஆளுக்கொரு பேர்ல விக்கிறாங்க. மைலேஜ் 35 சதவீதம் வரைக்கும் கூடும்னு பெட்டி மேலயே அச்சடிச்சிருக்கு. எங்க மாமா வண்டிக்கு வாங்கினது. பெட்ரோலும் மிச்சமாகல, பணமும் திரும்பல. வாங்கினது ஒரு ஆன்லைன் ஷாப்பிங் தளத்துல. பேர் போடல, ஏன்னா இதே சாமான் இதே படத்தோட ஊர்ப்பட்ட தளத்துல கிடக்கு. இதைப் படிச்சுட்டு ஒருத்தராவது கார்ட்ல இருந்து நீக்கினா போதும். மைலேஜ் குறைஞ்சா நிஜமா எதைப் பார்க்கணும்னு கடைசில சொல்றேன்.

மாமா நம்பின இடம் எதுன்னு முதல்ல சொல்லிடறேன். தளத்துல நம்பர் கொடுத்ததும் "டெக்னிக்கல் எக்ஸ்பர்ட்"னு ஒருத்தன் கூப்பிட்டிருக்கான். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. என்ன வண்டி, எந்த வருஷ மாடல், எவ்வளவு ஓடியிருக்கு, இப்ப என்ன மைலேஜ் தருதுன்னு நிதானமா கேட்டுட்டு, "இ20 பெட்ரோல் வந்ததுல இருந்து உங்க மாதிரி பழைய மாடல் வண்டி எல்லாத்துக்கும் மைலேஜ் குறைஞ்சிருக்கு சார்"னு சொல்லியிருக்கான். அது உண்மைதான். இ20-ன்னா 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இ10-ன்னா 10 சதவீதம். ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கிற சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்கிறதுல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்குதான். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைச்சு, இ10-க்கு ட்யூன் பண்ணின காருக்கு இ20 போட்டா 6 முதல் 7 சதவீதம் குறையும்னு 2021-ல வந்த நிதி ஆயோக் அறிக்கையே சொல்லுது. பெட்ரோல் பங்க்லயும் சர்வீஸ் சென்டர்லயும் யாரும் சொல்லாத விஷயத்தை ஒருத்தன் பொறுமையா எடுத்துச் சொன்னா, அடுத்து அவன் சொல்றதையும் நம்பத்தான் தோணும். அங்கதான் பொய்யைச் சேர்த்தான்: "அந்த இழப்பை இது ஈடுகட்டிடும் சார்."

எப்படி ஈடுகட்டும்? குறைஞ்சது எரிபொருள்ல இருக்கிற சக்தி. காத்தைச் சுழல விட்டா அது கூடாது. ஆனா போன்ல அதை யோசிக்க விடல. இப்பவே ஆன்லைன்ல கட்டினா 500 ரூபாய் தள்ளுபடின்னு அவசரப்படுத்தி, 3,490 ரூபாயை யுபிஐ-ல வாங்கிட்டான். டெலிவரி அப்போ பணம் கொடுக்கலாம்ங்கிற வசதியை இப்படித்தான் தள்ளி விடறாங்க.

வந்த சாமானைக் கையில எடுத்துப் பார்த்தேன். மெல்லிசான ஸ்டீல் தகடு. அதுல இறக்கை மாதிரி வெட்டி மடக்கி, வளையமா சுருட்டி, ரெண்டு இடத்துல ஸ்பாட் வெல்டிங் வெச்சிருக்கு. வெட்டின ஓரத்துல பிசிறு கூட எடுக்கல, விரல் வெச்சா கீறுது. சுத்தி ஒரு ஸ்பாஞ்ச் பட்டை, ஹோஸ் என்ன சைஸா இருந்தாலும் பொருந்தட்டும்னு. இதை எஞ்சின் உறிஞ்சுற வழியில வைக்கச் சொல்றாங்க!

இனி இது ஏன் வேலை செய்யாதுன்னு பார்ப்போம். அவங்க சொல்ற காரணம், உங்க எஞ்சின் 20, 30 சதவீதம் பெட்ரோலை எரிக்காமலே வெளிய தள்ளுது, சுழல் காத்து அதை எரிய வைக்கும்னு. அடிப்படையே தப்பு. நல்லா இருக்கிற ஃபியூல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் உள்ள போற பெட்ரோலை ஏறக்குறைய முழுசா எரிச்சிடும். 20 சதவீதம் எரியாம போனா புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறி உருகிடும். மைலேஜ் போறது வெப்பமா, புகைக்குழாய் வழியாவும் ரேடியேட்டர் வழியாவும். அதைக் காத்துக்குழாய்ல வெச்ச தகரம் தடுக்காது.

ரெண்டாவது, அந்தச் சுழல் எஞ்சின் வரைக்கும் போய்ச் சேரவே சேராது. ஹோஸைத் தாண்டினதும் த்ராட்டில் பட்டர்ஃபிளை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிச்சா திறக்குற தகட்டுக் கதவு. சாதாரண ஓட்டத்துல அது கொஞ்சம்தான் திறந்திருக்கும். ஓபிடி ரீடர் (வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கிற அளவுகளைக் காட்டுற கருவி) மாட்டி, மேனிஃபோல்டுக்குள்ள, அதாவது சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சு விடற குழாய்க்குள்ள, அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சாரைப் பாருங்க: வெளிய காத்தழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல், ஐடில்ல மேனிஃபோல்டுக்குள்ள 30, 35 தான் காட்டும். அவ்வளவு நெருக்கி அனுப்புற இடத்துக்கு முன்னாடி காத்தைச் சுழல விடறது, மேட்டூர் ஷட்டருக்கு முன்னாடி தண்ணியைக் கலக்கி விட்டுட்டு வாய்க்கால்ல வேகம் கூடும்னு சொல்ற மாதிரி. பட்டர்ஃபிளைக்குப் பிறகு பிளீனம்ங்கிற காத்து அறை, பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரன்னர்ங்கிற தனிக் குழாய். அதுக்குப் பிறகு, வால்வுக்குப் பக்கத்துலதான் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்குது. ஹோஸ்ல பெட்ரோலே இல்லாதப்ப அங்க எதோட எதைக் கலக்குறது? சிலிண்டருக்குள்ள தேவைப்படற சுழலை, காத்து நுழையுற வாயான போர்ட்டோட வடிவத்துலயே கம்பெனிக்காரன் கொடுத்திருப்பான்.

மூணாவது, இசியு, அதாவது எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர். நிஜமாவே காத்து கூடுதலா போச்சுன்னே வெச்சுக்குவோம். உள்ள போற காத்தோட அளவை நேரா அளக்கிற மேஃப் சென்சார், இல்லைன்னா மேப் சென்சார் அதை அளந்துடும். எடையில ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துங்கிற கணக்குல (இ20-க்கு இது இன்னும் குறையும்) இசியு பெட்ரோலையும் கூட்டி விடும், ஆக்சிஜன் சென்சார் அதைச் சரிபார்க்கும். கூடுதல் காத்துன்னா கூடுதல் பெட்ரோல், கூடுதல் பவர். மைலேஜ் இல்ல. டீசல் வண்டிக்காரங்களுக்கும் இதேதான்: அதுல எப்பவும் தேவைக்கு மேல காத்து போயிட்டுதான் இருக்கு.

காத்து தடையில்லாம போகும்னு சொல்லி விக்கிற கோன் ஃபில்டர், கோல்ட் ஏர் இன்டேக் பத்தியும் கமெண்ட்ல கேப்பீங்க. அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல சோதிச்சப்போ, ஃபியூல் இன்ஜெக்‌ஷன் கார்ல ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தாக்கூட மைலேஜ் சொல்லிக்கிற அளவுக்குக் குறையல, பிக்கப்தான் குறைஞ்சது. அடைப்பே மைலேஜைக் குறைக்கலைன்னா, அடைப்பை எடுக்கிறதா சொல்ற சாமான் எதைக் கூட்டும்? அந்த நாட்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி "எரிபொருள் சேமிப்பு"னு விக்கிற சாதனங்களை நூத்துக்கு மேல சோதிச்சுப் பார்த்துட்டு, பலன் இருந்தது வெகு சிலதுலதான், அதுவும் சொற்பம்னு சொல்லிடுச்சு. சிலதுல புகை அதிகமானதுதான் மிச்சம்.

பலன் இல்லைன்னா பரவாயில்லைன்னு விட்டுட முடியாது, கெடுதலும் இருக்கு. சொருகினதால ஹோஸ் வாய் உப்பி, கிளிப் கோணலா உக்காந்திருந்தது. அந்த இடுக்கு வழியா, ஃபில்டருக்குப் பிறகு, வடிகட்டாத காத்து உள்ள போயிருக்கு. ஹோஸ் உள்பக்கம் விரலால துடைச்சா செம்மண் தூசி. மேப் சென்சார் வண்டியில இது எஞ்சின் லைட்டே போடாது, சத்தமில்லாம சிலிண்டரைத் தேய்க்கும். மேஃப் சென்சார் வண்டின்னா அளக்காத காத்து புகுந்து பி0171ங்கிற எரர் கோடு (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி) வரும். சென்சாருக்கு முன்னாடியே ஃபேன் வெச்சா அளவு தப்பி பி0101 (மேஃப் அளவு சரியில்ல) வரலாம். வெல்டு விட்டுப் போச்சுன்னா தகடு நேரா பட்டர்ஃபிளைக்குப் போகும். அது சிக்கிக்கிட்டா ஆக்சிலரேட்டர் விட்டாலும் வண்டி ஓடும். நினைச்சாலே வயிறு கலங்குது.

ஏற்கெனவே மாட்டியிருந்தா இன்னைக்கே கழட்டுங்க. எஞ்சின் ஆறினதும் கிளிப்பை லூஸ் பண்ணி ஹோஸை இழுங்க, ஃபேனை எடுங்க. இறக்கை எல்லாம் முழுசா இருக்கா, ஸ்பாஞ்ச் பிஞ்சு உள்ள போயிருக்கான்னு பாருங்க. பஞ்சு விடாத துணியால ஹோஸைத் துடைச்சு, பிரீதர் குழாய் (எஞ்சின் ஆவி வர்ற சின்னக் குழாய்) கழண்டிருந்தா மாட்டி, ஹோஸ் வாய் முழுசா உக்காந்த பிறகு கிளிப்பை இறுக்குங்க. மேஃப் சென்சார் அழுக்கானா அதுக்குன்னு விக்கிற ஸ்பிரே மட்டும். கார்புரேட்டர் கிளீனர் அடிக்காதீங்க, சென்சார் உள்ள இருக்கிற கம்பியைத் தொடாதீங்க.

இப்ப அவங்க கைகழுவின விதம். முதல் பதில்: "இசியு கத்துக்கணும் சார், 1,000 கிலோமீட்டர் ஓட்டுங்க." ரிட்டர்ன் பண்ண அவங்க தர்றது 7 நாள். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போற வண்டி ஒரு வாரத்துல 1,000 கிலோமீட்டர் ஓடுமா? மொத்த வியாபாரமும் இந்த ஒரு வரியிலதான் நிக்குது. இசியு ஷார்ட் டெர்ம் ட்ரிம்மை, அதாவது பெட்ரோல் அளவுல உடனுக்குடன் செய்யுற திருத்தத்தை, ஓட ஓட மாத்திக்கிட்டே இருக்கும், நீண்ட காலத் திருத்தமான லாங் டெர்ம் ட்ரிம்மும் வழக்கமான ஓட்டத்துல சீக்கிரமே நிலைக்கு வந்துடும். 1,000 கிலோமீட்டர் கணக்கு ரிட்டர்ன் தேதியைத் தாண்ட வைக்கத்தான். அடுத்து, "பேட்டரி டெர்மினலைக் கழட்டி மாட்டுங்க." அதுக்கு அடுத்து, "உங்க எஞ்சின்ல கார்பன் இருக்கு, எங்க கிளீனர் 899 ரூபாய், அதையும் ஊத்துங்க." கடைசில, "சீல் பிரிச்சாச்சு, தேதி முடிஞ்சாச்சு." தளத்துல கேட்டா, அது விற்பனையாளர் பாலிசியாம். புகாரை "தீர்வு காணப்பட்டது"ன்னு அவங்களே மூடிட்டாங்க. 3,490 ரூபாயை விழுங்கிட்டு, என்ன தீர்வு?

அஞ்சு ஸ்டார் ரிவ்யூவை நம்பாதீங்க. பங்க்ல ஆட்டோ கட் ஆகிற இடம் ஒவ்வொரு தடவையும் மாறும். 10 லிட்டர் போடற இடத்துல 1 லிட்டர் முன்னப்பின்ன ஆனாலே மைலேஜ் 10 சதவீதம் ஏறின மாதிரி தெரியும். அளக்கணும்னா ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் கட்டோட நிறுத்தணும், 500 கிலோமீட்டராவது ஓடணும். மாட்டாம, மாட்டி, மறுபடி கழட்டி, மூணு தடவையும் பார்க்கணும்.

மைலேஜுக்கு என்ன பார்க்கணும்னு விரிவா எழுத நினைச்சேன், இப்ப இருக்கிற ஆத்திரத்துல முடியல. சுருக்கமா: டயர் காத்தை வண்டி ஆறியிருக்கும்போது, கதவு ஓரத்துல போட்டிருக்கிற அளவுக்கு அடிங்க. ஓட்டிட்டு வந்து நாலு வீலும் தொட்டுப் பாருங்க, ஒன்னு மட்டும் கொதிச்சா பிரேக் பிடிச்சுட்டு இருக்கு. எஞ்சின் சூடேறவே நேரமாச்சுன்னா, எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட்டைப் பாருங்க. பழைய ஸ்பார்க் பிளக்கை மாத்துங்க. பெட்ரோல் பைப்ல கட்டுற காந்தம், ஓபிடி சாக்கெட்ல சொருகி லைட் மட்டும் மினுக்குற டப்பா, இன்டேக் டெம்பரேச்சர் சென்சார்ல மாட்டுற "சிப்"ங்கிற ரெசிஸ்டர், எதையும் வாங்காதீங்க.

வாங்கிட்டீங்கன்னா 7 நாளுக்குள்ள ரிட்டர்ன் போட்டுடுங்க, 1,000 கிலோமீட்டருக்குக் காத்திருக்காதீங்க. விளம்பரத்துல சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன்னு விற்பனையாளர் சொல்லக் கூடாதுன்னு 2020 இ-காமர்ஸ் விதிகள்லயே இருக்கு. தளத்தோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துல அனுப்புங்க. 48 மணி நேரத்துக்குள்ள ஒப்புகை தரணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். இல்லைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு கூப்பிடுங்க, நாங்களும் அங்க பதிஞ்சிருக்கோம். பெட்டி, பில், விளம்பர ஸ்கிரீன்ஷாட், பேமென்ட் ரசீது எதையும் தூக்கிப் போடாதீங்க.