செவ்வாய்க் கோள் வரை எது தாங்கும்: கட்டுச்சோறா, இயந்திரமா, செடியா?

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 840 கிராம் ஆக்சிஜன் வேண்டும். வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட 1 கிலோ. குடிக்க, சாப்பாட்டுக்கு என்று தண்ணீர் 3 லிட்டர் வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்குப் போய்த் திரும்ப 900 நாள், ஆட்கள் 4 பேர் என்றால் ஆக்சிஜன் 3 டன், தண்ணீர் 10 டன்னைத் தாண்டும்.

எல்லாவற்றையும் கட்டுச்சோறு போல இங்கிருந்தே கொண்டுபோவது முதல் வழி. அப்போலோ பயணங்கள் அப்படித்தான் நடந்தன. கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாக்கள்; நிறைந்ததும் கழற்றிவிட்டு அடுத்ததைப் போட வேண்டியதுதான். கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை. ஆனால் 1 கிலோ வாயுவைப் பிடிக்க 1 கிலோவுக்கும் மேல் மருந்து செலவாகும். ககன்யான் மாதிரி சில நாள் பயணத்துக்குச் சரி, செவ்வாய்க்குக் கட்டுப்படியாகாது.

அடுத்தது இயந்திரம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2008 நவம்பரில் போய்ச் சேர்ந்த சிறுநீர் சுத்திகரிப்புக் கருவியைப் பார்த்தால் இதன் பலமும் பலவீனமும் புரிந்துவிடும். எடையற்ற நிலையில் திரவம் கீழே தங்காது. அதனால் சுழலும் டிரம்முக்குள் விட்டு, சுவரில் மெல்லிய படலமாகப் பரவச் செய்து, காற்றழுத்தத்தைக் குறைத்து ஆவியாக்குகிறார்கள். சிறுநீரிலிருந்து 85% தண்ணீரை எடுப்பது திட்டம். தரையில் நடந்த சோதனைகளில் பிரச்சினை தெரியவில்லை. மேலே போய்ச் சில மாதங்களில் அடைத்துக்கொண்டது. எடையற்ற நிலையில் வீரர்களின் எலும்பு கரைகிறது, அந்தக் கால்சியம் சிறுநீரில் வருகிறது. பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலத்தோடு அது சேர்ந்து கால்சியம் சல்பேட் ஆனது. வீட்டுக்கு ஃபால்ஸ் சீலிங் போடுகிறார்களே, அதே ஜிப்சம்தான்! கொஞ்ச காலம் 70 முதல் 75 சதவீதத்தோடு ஓட்டினார்கள். பிறகு கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள், பழைய அளவு திரும்பியது. மிஞ்சும் கழிவுக் கரைசலையும் உலர்த்தும் கருவி 2021-இல் போனது. 2023-இல் மொத்தத் தண்ணீர் மீட்பு 98% ஆனது.

அந்த 98 தண்ணீருக்கு மட்டும்தான். காற்று அவ்வளவு தேறவில்லை. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஆக்சிஜன் எடுக்கலாம். மிச்சமாகும் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சபாட்டியே வினையில் சேர்த்தால் மறுபடி தண்ணீர் வரும். கூடவே மீத்தேனும் வரும், அதை வெளியே விட்டுவிடுகிறார்கள். ஹைட்ரஜனில் பாதி அதோடு போய்விடுவதால் ஆக்சிஜன் மீட்பு பாதியைத் தாண்டுவதில்லை.

மூன்றாவது, செடி. கேட்கவே அழகான வழி. ஒரே தோட்டம் காற்றும் தரும், சோறும் போடும். 1995-இல் நாசாவின் ஹூஸ்டன் மையத்தில் மூடிய அறைக்குள் 11.2 சதுர மீட்டர் கோதுமை ஒரு ஆளுக்கு 15 நாள் மூச்சுக்காற்று கொடுத்தது. அதற்கும் முன்பே, சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்க்கில் இருந்த பயோஸ்-3 கூடத்தில் குளோரெல்லா பாசியும் கோதுமையும் வளர்த்து 3 பேர் 180 நாள் ஓட்டினார்கள். பெய்ஜிங்கின் யுவேகோங்-1 கூடத்தில் 2017-18-இல் 370 நாள் சோதனை நடந்தது. மெனுவில் புழுவும் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் என்னைத் தயங்க வைப்பது, அமெரிக்காவின் அரிசோனாவில் செடி, மண்ணோடு கட்டிய மூடிய கூடமான பயோஸ்பியர் 2. 1991-இல் 8 பேர் உள்ளே போனார்கள். 16 மாதத்தில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 14.5-க்கு இறங்கி, வெளியிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. சத்தான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விட்டன. செடிகள் அதை எடுத்து ஆக்சிஜனாகத் திருப்பியிருக்க வேண்டும். ஆனால் கட்டடத்தின் கான்கிரீட் நடுவில் புகுந்து உறிஞ்சிக்கொண்டது. கான்கிரீட்டை யார் சந்தேகப்படுவார்கள்?

சதவீதத்தைவிட, பழுது எப்படி வருகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். டிரம் அடைத்தால் அடைத்தது என்று தெரியும், கழற்றலாம், மாற்றலாம். தோட்டம் நோயில் விழுந்தால் காரணம் பிடிபடவே நாளாகும், கோதுமை மறுபடி வளர இரண்டு மாதமாவது ஆகும். சின்னக் கலத்துக்குள் கார்பன் டை ஆக்சைடு அதுவரை காத்திருக்காது.

இயந்திரத்தின் சங்கடம் வேறு. நிலையத்தில் ஒன்று கெட்டால் சரக்குக் கலத்தில் மாற்று வரும், கெட்டதைக் கீழே கொண்டுவந்து பிரித்தும் பார்க்கலாம். செவ்வாய்ப் பாதையில் அந்த வசதி கிடையாது. ஆகவே காற்றுக்கும் தண்ணீருக்கும் இயந்திரம், அவசரத்துக்குக் கொஞ்சம் லித்தியம் டப்பா, கீரைக்கு ஒரு சின்னப் பாத்தி என்பதே என் தேர்வு. நிலவில் பல வருடம் நிற்கப்போகும் தளமென்றால் பாத்தியைப் பெரிதாக்கலாம். இயந்திரத்தால் சோறு பண்ண முடியாதே.

98-ஐ 99 ஆக்கும் முயற்சியில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. மேலே போட்ட கணக்குப்படி 900 நாளில் அதனால் மிச்சமாவது 108 லிட்டர். அந்த எடைக்கு பம்ப்பும் வால்வும் ஏற்றிக்கொண்டு போவேன்.