மெட்டல் ஷீட் கூரை போடப் போகிறீர்களா? எங்களுக்கு "அரை எம்.எம்." என்று சொல்லி 0.36 போட்டார்கள்

அப்பன்திருப்பதி பக்கம் இருக்கும் அம்மா வீட்டில், நாட்டு ஓட்டை எடுத்துவிட்டு கலர் ஷீட் போட்டோம். அழகர்மலைக் குரங்குகள் ஓட்டைப் புரட்டிப் போட்டு, மழை வந்தால் ஒழுகாத அறை இல்லை. ஓடு மாற்றுகிற ஆளும் இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. மதுரையிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் வந்தார். 0.50 மி.மீ. ஷீட், டிரஸ் (ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம்), ஸ்க்ரூ, கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடி ரேட். "அண்ணே, அரை எம்.எம். போடுறேன், ஆள் ஏறி நடந்தாலும் அமுங்காது" என்றார்.

ஆள் வேண்டாம், குரங்கு குதித்த இடமெல்லாம் பள்ளம் விழுந்தது. சந்தேகம் வந்து, மிச்சம் கிடந்த வெட்டுத் துண்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், கனம் அளக்கும் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். 0.36 மி.மீ.

போனில் கேட்டால், "பெயின்ட், கோட்டிங் எல்லாம் சேர்த்துத்தான் அண்ணே அரை" என்கிறார். இந்தப் பதிலைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மைக்ரோமீட்டர் அளப்பதே பெயின்ட்டையும் சேர்த்துத்தான். ஷீட் கம்பெனிகள் சொல்லும் 0.50-ம் பெரும்பாலும் கோட்டிங் சேர்த்த மொத்தக் கனம்தான். உள்ளே இரும்பு 0.45 அளவுக்கு இருக்கும். எங்கள் ஷீட்டில் அந்த இரும்பு 0.30 சொச்சம். மூன்றில் ஒரு பங்கு இரும்பையே காணோம், காசு மட்டும் முழுசாக வாங்கியிருக்கிறார்.

மைக்ரோமீட்டர் இல்லாவிட்டால் தராசு போதும். மூன்றரை அடி அகலம், 10 அடி நீளமுள்ள ஷீட் 0.50 என்றால் 13 கிலோவுக்கு மேல் இருக்கும், 0.35 என்றால் 10 கிலோவை ஒட்டித்தான் நிற்கும். லாரியில் இருந்து இறக்கும்போதே ஒன்றை எடை போடுங்கள். நல்ல கம்பெனி ஷீட்டில் பின்பக்கம் பெயரும் கனமும் அச்சடித்திருக்கும். எங்களுக்கு வந்ததில் வெறும் பெயின்ட்தான்.

மற்ற வேலையும் அப்படித்தான். ஷீட்டை கிரைண்டரில் வெட்டினார்கள். அந்தச் சூட்டில் ஓரத்துத் துத்தநாக-அலுமினியப் பூச்சு கருகிவிடும், தெறிக்கும் பொறி ஒட்டிய இடமெல்லாம் துரு ஏறும். எங்கள் கூரை ஓரம் இப்போதே சிவந்துவிட்டது. ஸ்க்ரூவை ஷீட் மடிப்பின் மேட்டில் அடிக்காமல் தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் பல இடங்களில் அடித்து, ரப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கிவிட்டார்கள். முதல் கோடை மழையிலேயே அம்மா கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகியது. எழுபது வயதைத் தாண்டியவர், ராத்திரியில் எழுந்து பாத்திரம் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் தீராதது இதில்தான்.

பில் கேட்டதற்கு "கலர் ஷீட்" என்று மட்டும் எழுதிய எஸ்டிமேட் தாளைத் தந்தார். கனம், கம்பெனி பெயர், ஜிஎஸ்டி நம்பர் எதுவும் இல்லை. இவை மூன்றும் எழுத்தில் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறோம். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாயிற்று. சரிப்படாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். இரண்டு வருடத்துக்குள் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வெட்டுத் துண்டு, எஸ்டிமேட் தாள், "அரை எம்.எம்." என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன.