அணையா, ஆளுக்கு வேலையா?

1930-களில் பொருளாதாரம் சரிந்து கிடந்த பெருமந்தக் காலத்து அமெரிக்காவில், வேலையில்லாதவர்களுக்காக அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு இரண்டு வழிகளில் போனது. 1933-இல் வந்த பி.டபிள்யூ.ஏ. என்ற பொதுப்பணி அமைப்பு, கிராண்ட் கூலி அணை, லிங்கன் சுரங்கப்பாதை மாதிரிப் பெரிய வேலைகளை ஒப்பந்ததாரர்களிடம் கொடுத்தது. கட்டியது இன்றும் நிற்கிறது, ஆனால் பொறுப்பாளர் ஹரால்ட் இக்கிஸ் ஒவ்வொரு திட்டத்தையும் அலசி அலசிப் பார்த்ததில் கூலி கைக்கு வர நாளாயிற்று. பசி காத்திருக்குமா?

1935-இல் ஹாரி ஹாப்கின்ஸ் பொறுப்பில் தொடங்கிய டபிள்யூ.பி.ஏ. என்ற வேலைவாய்ப்பு அமைப்பு ஆட்களை நேரடியாகவே எடுத்தது, பணத்தில் பெரும்பகுதி கூலிக்கே போனது, 1943-க்குள் சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை. சாலை, பள்ளிக்கூடம் மட்டுமில்லை, கென்டக்கி மாநில மலையில் பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் இரவல் கொடுக்கும் புத்தக மூட்டையோடு ஓடைகளைத் தாண்டி வீடு வீடாகப் போனார்கள், அதற்கும் சம்பளம். என் ஓட்டு இதற்குத்தான். பெரும்பாலும் குடும்பத்துக்கு ஒருவருக்கே வேலை என்று வைத்தது மட்டும் உறுத்துகிறது.