‘நார்மல் லிவர்’ ஃபிளாஸ்க் வாங்கியிருக்கிறீர்களா? சோதனையைத் தொடங்கும் முன் இதைப் படியுங்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகளில் மூலிகைச் சாற்றைப் புற்றுநோய்ச் செல்கள்மேல் ஊற்றிப் பார்க்கும் ஆய்வு மாணவர்கள் ஏராளம். பொதிகை மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு என்ன தலைப்பு எடுப்பார்கள்? ஃபிளாஸ்க் என்ற வளர்ப்புக் குடுவையில் வரும் உயிருள்ள செல்லை, ‘நார்மல் லிவர்’ என்ற இயல்பான கல்லீரல் செல் உட்பட, அவர்களில் பலர் வாங்குவது வேறு ஊரில் பொதுப் பணத்தில் நடக்கும் ஒரே ஒரு பொதுப் பயன்பாட்டு ஆய்வகத்தில்தான். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய இடத்துக்கு எழுதியாகிவிட்டது. அங்கே வாங்கியவர்களுக்கு விவரத்தைப் படித்ததுமே புரிந்துவிடும்.

என் மாணவியின் ஆய்வு கீழாநெல்லியைப் பற்றியது. மஞ்சள் காமாலை என்றால் நம் வீடுகளில் முதலில் தேடுவது அதைத்தான். அதன் சாறு கல்லீரல் புற்றுச் செல்லைக் கொல்கிறதா, அதே அளவில் நல்ல கல்லீரல் செல்லை விட்டுவைக்கிறதா என்பதே கேள்வி. இரண்டு செல்லையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் இதற்கு விடை கிடையாது. புற்றுச் செல்லுக்கு ஹெப் ஜி2 என்ற கல்லீரல் கட்டிச் செல், ஒப்பீட்டுக்கு இயல்பான கல்லீரல் செல் என்று கேட்டிருந்தோம். செல் லைனின் (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கி வளர்க்கும் செல் வம்சம்) முழுப் பெயர், பாசேஜ் எண் (எத்தனை முறை புதுக் குடுவைக்கு மாற்றி வளர்த்தார்கள் என்பது), எஸ்.டி.ஆர். என்ற டி.என்.ஏ. அடையாளச் சோதனை அறிக்கை, செல் வளர்ப்பில் புகும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்கான சோதனை அறிக்கை ஆகிய நான்கையும் கடிதத்திலேயே கேட்டோம். “நார்மல் லிவர் இருப்பில் உள்ளது, சான்றிதழ் பார்சலோடு வரும்” என்று பதில் வந்தது. பணம் முழுவதையும் முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள், கட்டினோம். வெப்பம் தாக்காத பெட்டியில் கூரியரில் அனுப்புவதற்கென்று தனிக் கட்டணமும் அதில் அடக்கம்.

ஆனித் தேரோட்ட வாரத்தில் மட்டும் அனுப்ப வேண்டாம், உள்ளூர் விடுமுறை, ஆய்வகத்தில் ஆள் இருக்காது என்றும் எழுதியிருந்தோம். மிகச் சரியாகத் தேரோட்டத்தன்று காலையில் பார்சல் வந்தது. கூரியரில் அல்ல, ஆம்னி பஸ்ஸில். முந்தைய இரவு அடியில் உள்ள சாமான் அறையில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். டவுன் பக்கம் போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருந்த அன்று, மாணவி ஆட்டோ பிடித்து வண்ணார்பேட்டை பஸ் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பெட்டி வாசல் படியில் கிடந்தது. “ஏன் அண்ணாச்சி, இதை உள்ளே எடுத்து வைத்திருக்கக் கூடாதா?” என்று கேட்டிருக்கிறாள். “மருந்து என்றுதானே எழுதியிருக்கிறது தங்கச்சி, மருந்துக்கு வெயில் ஆகாதா?” என்றாராம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியின்மேல் ‘மருந்து’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எழுத்தே இல்லை. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்ற அம்புக்குறி இல்லை, உயிரியல் பொருள் என்ற குறி இல்லை, அவசரத்துக்கு அழைக்கத் தொலைபேசி எண் இல்லை.

உயிருள்ள செல்லை ஃபிளாஸ்க்கில் அனுப்ப ஒரு முறை இருக்கிறது. செல்லுக்கு உணவாகும் மீடியம் என்ற திரவத்தைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும். உள்ளே காற்று இருந்தால் வண்டி குலுங்கும்போது திரவம் அலைமோதி, அடியில் ஒட்டியிருக்கும் செல்களைப் பெயர்த்துவிடும். மூடி துளையில்லாத திட மூடியாக இருக்க வேண்டும். செல்லைச் சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் காற்றுப் போவதற்கென்று வடிகட்டி வைத்த மூடி பயணத்துக்கு ஆகாது, கசியும். மூடியைச் சுற்றிப் பாராஃபிலிம் ஒட்டி, ஈரத்தை உறிஞ்சும் தாளோடு இரட்டைப் பையில் போட வேண்டும். எங்களுக்கு வந்த இரண்டு சிறிய ஃபிளாஸ்க்குகளிலும் மீடியம் பாதிக்கும் கீழே. இரண்டிலும் வடிகட்டி மூடி. ஒன்று பைக்குள்ளேயே கசிந்திருந்தது. இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய மீடியம் எலுமிச்சை மஞ்சளாக மாறியிருந்தது. அமிலம் ஏறிவிட்டதற்கு அதுவே அடையாளம். சான்றிதழ் என்று எந்தத் தாளும் பெட்டியில் இல்லை. ஒரு ஃபிளாஸ்க்கில் மார்க்கர் பேனாவால் ‘ஹெப் ஜி2’, மற்றதில் ‘நார்மல் லிவர்’. பாசேஜ் எண் இல்லை, தேதி இல்லை. நம் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்குப் போடும் சினை ஊசிக் குச்சியில்கூடக் காளையின் எண்ணும் இனமும் தேதியும் அச்சிட்டிருக்கும்.

புதிதாக வரும் எந்தச் செல்லையும் எங்கள் ஆய்வகத்தில் பழைய இன்குபேட்டருக்குள் விடுவதில்லை. தனி இன்குபேட்டர், தனி மீடியம் பாட்டில், தனிப் பிப்பெட். அன்றும் அப்படியே செய்தோம். வந்த மீடியத்தை வீணாகக் கொட்டாமல் சிறு குழாய்களில் பிரித்து, தேதி எழுதி, ஃப்ரீசரில் வைத்தோம். இந்தக் குழாய்களை நினைவில் வையுங்கள். ஹெப் ஜி2 செல்களை டிரிபான் புளூ சாயம் போட்டு எண்ணியபோது பாதிக்கு மேல் நீலம் ஏறியிருந்தன, அதாவது செத்தவை. மிஞ்சியதைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் வளர்த்தோம்.

‘நார்மல் லிவர்’ ஃபிளாஸ்க்கோ நேர்மாறு. இரவெல்லாம் குலுங்கி, வெயிலில் காய்ந்து வந்த செல், மறுநாளே கிண்ணம் முழுக்கப் பரவத் தொடங்கியது. மாணவிக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. உடம்புக்கு வெளியே எடுத்த இயல்பான கல்லீரல் செல் லேசில் பெருகாது. உயிரோடு வைத்திருப்பதே பெரும்பாடு. இது ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டிருந்தது.

பக்கத்துத் துறையில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி.-18 வைரஸைக் கண்டறியும் பி.சி.ஆர். செய்கிறார்கள். இந்தச் செல்லின் டி.என்.ஏ.வை அங்கே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். கல்லீரல் செல்லில் அந்த வைரஸுக்கு வேலையே இல்லை. இருந்தது. அதன்பின் எஸ்.டி.ஆர். சோதனைக்கு வெளியே அனுப்பினோம். டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் சிறு துண்டுகள் எத்தனை முறை அடுத்தடுத்து வருகின்றன என்று எண்ணும் முறை அது. தடயவியல் ஆய்வகங்களில் ஆளை அடையாளம் காண்பதும் இப்படித்தான். பதிவில் உள்ள ஒரு செல் லைனோடு 80 விழுக்காட்டுக்கு மேல் பொருந்தினால் இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை என்று கொள்வது வழக்கம். அறிக்கை வந்தது. எங்கள் ‘நார்மல் லிவர்’ கல்லீரலும் அல்ல, நார்மலும் அல்ல. ஹீலா.

1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்டவை ஹீலா செல்கள். பக்கத்துத் துறைச் சோதனையில் எச்.பி.வி.-18 தெரிந்ததும் அதனால்தான். ஆய்வகத்தில் முடிவில்லாமல் பெருகிய முதல் மனிதச் செல் லைன் அதுதான். ஒரே ஒரு செல் பிப்பெட் முனையில் ஒட்டிக்கொண்டு வேறு ஃபிளாஸ்க்குக்குள் போனாலும் போதும், சில வாரங்களில் அங்கிருந்த செல்லை முந்திப் பெருகி, ஃபிளாஸ்க்கையே தனதாக்கிக்கொள்ளும். 1966இலேயே ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், வெவ்வேறு உறுப்புகளிலிருந்து வந்தவை என்று நம்பப்பட்ட 18 செல் லைன்களும் ஹீலாவாகவே தெரிகின்றன என்று ஒரு மாநாட்டில் எழுந்து சொன்னார். அரங்கில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. இன்று உலக அளவில் தவறாக அடையாளம் காணப்பட்ட செல் லைன்களின் பட்டியலில் 500க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அதில் ‘சாங் லிவர்’ என்றொரு பெயர் உண்டு. 1950களில் இயல்பான கல்லீரல் திசுவிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்டது. உண்மையில் ஹீலா என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. ‘டபிள்யூ.ஆர்.எல். 68’ என்பதும் அதே கதை. வாய்ப்புற்று என்று நம்மவர்கள் இன்னும் பயன்படுத்தும் ‘கே.பி.’யும், குரல்வளைப் புற்று என்று சொல்லப்படும் ‘ஹெப்-2’வும் அப்படியே. இந்த ஹெப்-2வை ஹெப் ஜி2வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹெப் ஜி2 உண்மையான கல்லீரல் கட்டிச் செல்தான்.

ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். முதலில் எடுத்தவர், “எங்கள் செல்லைப் பற்றி இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை மேடம்” என்றார். நான் எஸ்.டி.ஆர். எண்களை வாசிக்கத் தொடங்கியதும் பொறுப்பாளரிடம் கொடுத்தார். அவர் சற்றும் தயங்கவில்லை. “அது சாங் லிவர்தான். இந்தியா முழுக்க எல்லாரும் அதைத்தான் நார்மல் என்று போடுகிறார்கள். பத்திரிகையில் ஏற்றுக்கொள்கிறார்களே!” முழுப் பெயரை எழுத்தில் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் வாங்கமாட்டோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அதற்குள் மைக்கோபிளாஸ்மா முடிவும் வந்திருந்தது. இரண்டு ஃபிளாஸ்க்கிலும் இருந்தது. இந்தக் கிருமி வந்தால் மீடியம் கலங்காது. சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் இதை ஒன்றும் செய்யாது. ஆன்டிபயாட்டிக் ஊற்றியிருக்கிறோமே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நுண்வடிகட்டியில்கூட நுழைந்து போய்விடும். டி.என்.ஏ. சாயம் போட்டுப் பார்த்தால் உட்கருவுக்கு வெளியே பொடிப் பொடியாக ஒளிரும், அல்லது பி.சி.ஆரில் பிடிபடும். செல் செத்ததா பிழைத்ததா என்று நாம் நம்பியிருக்கும் எம்.டி.டி. சோதனையையே இது குழப்பிவிடும். கீழாநெல்லி கொன்றதா, கிருமி நலியவைத்ததா என்று யார் பிரித்துச் சொல்வது?

“அது உங்கள் இன்குபேட்டரில் வந்திருக்கும்” என்பது பொறுப்பாளரின் அடுத்த பதில். எல்லாருக்கும் இதைத்தான் சொல்கிறார்கள், பெரும்பாலோர் அத்தோடு வாயடைத்துப் போகிறார்கள். ஃப்ரீசரில் வைத்த குழாய்கள் இங்கேதான் உதவின. பார்சலில் வந்த மீடியம், எங்கள் இன்குபேட்டரையே காணாதது. அதைத் தனியாகச் சோதித்திருந்தோம், அதிலும் மைக்கோபிளாஸ்மா. எங்கள் ஆய்வகத்தின் பழைய செல்கள் அனைத்தும் சுத்தம். இதை எழுத்தில் அனுப்பியதும் தொனி மாறியது. பணம் திரும்பாது, விண்ணப்பத்தின் அடியில் அப்படித்தான் போட்டிருக்கிறது, வேண்டுமானால் வேறு ஃபிளாஸ்க் தருகிறோம் என்றார்கள். எதிலிருந்து எடுத்து? அதே இருப்பிலிருந்து!

எனக்குப் பணம்கூடப் பெரிதாகப் படவில்லை. நம் பக்கத்தில் ஒருவரிடம் செல் இருந்தால் அடுத்த கல்லூரிக்காரர் ஒரு ஃபிளாஸ்க் கேட்டு வாங்கிப் போவது வழக்கம். பாளையங்கோட்டையிலிருந்து கோவில்பட்டிக்கு, அங்கிருந்து நாகர்கோவிலுக்கு. இந்த ‘நார்மல் லிவர்’ அப்படி எத்தனை ஆய்வேடுகளுக்குள் போயிருக்கிறதோ! ‘எங்கள் சாறு புற்றுச் செல்லைக் கொன்றது, இயல்பான செல்லைக் காத்தது’ என்று எழுதியவர்கள் உண்மையில் ஒரு புற்றை இன்னொரு புற்றோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டால், பதில் சொல்ல வேண்டியவர் அந்த மாணவர்தான். ஃபிளாஸ்க் விற்றவர் அங்கே உட்கார்ந்திருக்கமாட்டார்.

ஆகவே, அங்கே ஏற்கெனவே வாங்கியவர்கள் மேற்கொண்டு ஒரு சோதனையும் செய்யாமல், முதலில் எஸ்.டி.ஆர். பாருங்கள். வந்த எண்களை செலோசாரஸ் என்ற சுவிட்சர்லாந்துத் தரவுத்தளத்தில் இட்டால் எந்தச் செல்லோடு பொருந்துகிறது என்று இலவசமாகவே சொல்லிவிடும். புதிதாக வாங்குகிறவர்கள் செல் லைனின் முழுப் பெயரும், நீங்கள் வாங்கும் அதே தொகுதிக்கான அறிக்கைகளும் கைக்கு வரும் முன் பணம் கட்டாதீர்கள். ‘நார்மல்’ என்ற பெயரில் எதைக் கொடுத்தாலும் அந்தத் தவறான செல்களின் பட்டியலில் தேடிப் பாருங்கள். புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் களஞ்சியம் ஆய்வாளர்களுக்குச் செல் வழங்குகிறது; நாங்கள் இப்போது அங்கே விண்ணப்பித்திருக்கிறோம். ஒப்பீட்டுக்கு என்ன செல் எடுப்பது என்பதையும் மாற்றிவிட்டோம், அது வேறு கதை.

பொதுப் பணத்தில் நடக்கும் இடம் என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போட்டேன். பத்து ரூபாய்க் கட்டணம். தங்கள் இருப்பிலுள்ள செல்களுக்குக் கடைசியாக எஸ்.டி.ஆர். சோதனை எப்போது செய்யப்பட்டது, மைக்கோபிளாஸ்மா பதிவேட்டின் நகல் தர முடியுமா என்று இரண்டே கேள்விகள். “கோரப்பட்ட தகவல் பதிவேடுகளில் பராமரிக்கப்படவில்லை” என்று ஒற்றை வரியில் பதில் வந்திருக்கிறது. முதல் மேல்முறையீடு போட்டாகிவிட்டது. அந்தப் பதிலின் நகல் வேண்டும் என்போர் கேளுங்கள், தருகிறேன். உங்கள் புகாரோடு இணைத்துக்கொள்ளலாம். விலைப் பட்டியலில் ‘நார்மல் லிவர்’ இன்றைக்கும் இருக்கிறது, விலையை மட்டும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள்.