டைட்டானியம் தகட்டின் தடிமன்: எந்த அச்சு, எந்த வழி?

சூப்பர்பிளாஸ்டிக் ஃபார்மிங்கில், அதாவது நன்றாகச் சூடாக்கிய தகட்டை வாயு அழுத்தத்தால் ஊதி அச்சின் வடிவத்துக்குக் கொண்டுவரும் முறையில், தகட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்துவிடுவதால், வெளியிலிருந்து உலோகம் உள்ளே வராது. 100 மி.மீ. சதுர வாய், 50 மி.மீ. ஆழம் உள்ள பெட்டி என்றால் பரப்பு மூன்று மடங்காகிறது. 3 மி.மீ. தகடு சராசரியாக 1 மி.மீ. ஆகும். அந்தச் சராசரியை யாராலும் மாற்ற முடியாது. அதை எங்கே எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் போட்டி.

குழி அச்சில் நேரடியாக ஊதுவது எளிது, மலிவு. ஆனால் தகடு அச்சைத் தொட்ட இடத்தில் உராய்வு பிடித்துக்கொள்ள, அங்கே மெலிவது ஏறக்குறைய நின்றுவிடும். மிச்சமிருக்கும் பகுதிதான் முழு நீட்சியையும் தாங்க வேண்டும். கடைசியில் நிரம்பும் அடிமூலைதான் பலி. தகட்டில் முன்கூட்டியே சதுரக் கட்டங்கள் வரைந்துவிட்டு ஊதிப் பாருங்கள்: வாய்ப்பக்கம் கட்டங்கள் ஓரளவு அப்படியே இருக்கும், மூலையில் பெரிதாக விரிந்து கிடக்கும்.

மேடாக நிற்கும் அச்சின் மேல் தகட்டைப் படியவைக்கும் மேட்டு அச்சில் கதை தலைகீழ். முதலில் தொடும் உச்சி தடிமனாக நிற்கும், மெலிவது அடிவாரம். உச்சியில்தான் வலு வேண்டுமென்றால் இதுவே சரி. என்ன, சூட்டோடு எடுக்கும்போது பாகம் முந்திக் குளிர்ந்து அச்சைக் கவ்விக்கொள்ளும். பக்கச் சுவருக்குச் சரிவு கொடுத்தே ஆக வேண்டும்.

ஆழமான பாகத்துக்கு என் ஓட்டு இரண்டு கட்ட முறைக்கு. முதலில் எதிர்ப்பக்கம் ஊதி, பின்னால் தடிமனாகவே தங்கிவிடக்கூடிய இடங்களை முன்கூட்டியே நீட்டிவிடுவார்கள். அப்புறம் அழுத்தத்தைத் திருப்பி இறுதிக் குழிக்குள் தள்ளுவார்கள். மூலைக்குக் கூடுதல் பங்கு கிடைக்கும். முதல் கட்டத்தில் அளவுக்கு மீறி நீட்டினால் திருப்பும்போது தகடு மடிந்து சுருக்கம் விழும். டைட்டானியம்-6அலுமினியம்-4வனேடியம் கலவையை 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் கூடுதல் நேரம் வைத்தால் உலோகத்துக்குள் இருக்கும் நுண்மணிகளும் (grains) பெரிதாகும். சீராக நீளும் குணமே குறையும்.

தேவையான இடத்தில் தடிமனை விட்டு, மற்ற இடங்களை அமிலத்தில் கரைத்த தகட்டோடு தொடங்குவதும் உண்டு. கணக்கு சரியாக அமைந்தால் எடை மிச்சம். ஆனால் தடித்த பகுதி மெதுவாக நகரும் என்பதால் எது முதலில் அச்சைத் தொடும் என்ற வரிசையே மாறிவிடும். சிமுலேஷன் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

தகட்டை ஊதும் ஆர்கான் வாயுவின் அழுத்தத்தை மெதுவாக ஏற்றுவதும், உராய்வைக் குறைக்கப் போரான் நைட்ரைடு பூசுவதும் எல்லா வழிகளுக்கும் துணைதான், மாற்று அல்ல. மூலையின் தடிமனை அல்ட்ராசோனிக் (மீயொலி) மானியால் அளக்கும்போது, மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏறி நொறுங்கும் தன்மையடைந்த அடுக்கை அமிலத்தில் நீக்கிய பிறகு வரும் அளவையே வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும்.